அரை அங்குலம்

காரைத் தாழ்த்த வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் ஆர்டிஸ் நொவிக்கி முதலில் காரைப் பார்க்க மாட்டாள். "பக்கத்து சீட்ல யாரு உட்காருவாங்க?" என்று கேட்பாள். தனியாக ஓட்டுகிறவனுக்கு ஒரு கணக்கு, மனைவியோடு போகிறவனுக்கு வேறு கணக்கு. மனைவியின் எடையைக் கேட்டால் சிலர் நெளிவார்கள். "என்கிட்டதானே சொல்றே, அவகிட்டயா சொல்லப் போறே" என்பாள்.

சாகினா நகரத்தில் ஒரு லாரி ஸ்பிரிங் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தாள். தொய்ந்துபோன பட்டைகளைக் கழற்றி வளைவு கொடுத்து மறுபடி அடுக்குவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு போன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்களான பே சிட்டியிலிருந்தும் மிட்லண்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். பெரிய எஞ்சின் வைத்த பழைய கார்க்காரர்கள். மூக்கு இரண்டு அங்குலம் இறங்க வேண்டும், திருப்பத்தில் டயர் உரசக் கூடாது, முதுகு நோகக் கூடாது என்பார்கள். கேடலாக்கில் 'இரண்டு அங்குலம் இறங்கும்' என்று போட்டிருக்கிறதே என்று கேட்டால் ஆர்டிஸ் சிரிப்பாள். "யாரோட காரு இறங்கும்? அவன் உன் காரை எடை போட்டானா?"

ஸ்பிரிங்குக்குக் காரின் பெயர் தெரியாது, வருஷம் தெரியாது. மேலே எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். அவள் நம்பியது இதைத்தான்.

அவளுடைய சொந்தக் கார், எழுபதாம் வருஷத்து செவல் மாடல், முப்பத்தாறு வருஷமாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்திலேயே நின்றது. கல்யாணம் ஆன மறுவருஷம் அவளும் கணவன் கார்வினும் சேர்ந்து வாங்கியது. எஞ்சினில் ஒரு பாகமும் மாறாத கார். இந்த வருஷம் ஆகஸ்ட் கார் ஊர்வலத்தில் பழைய கார் சங்கத்துக்காரர்கள் அவள் காரை முதலில் விடுவதாக முடிவு செய்தார்கள். ஊர்க் கார்களையெல்லாம் உட்கார வைத்தவளின் கார் நிமிர்ந்துகொண்டு போனால் நன்றாக இருக்காது. இரண்டு அங்குலம் இறக்கிவிடலாம் என்றாள்.

டிக்கி மூடியின் உள்பக்கத்தில் ஐந்து வருஷத்துக்கு முன் எடை போட்டு எழுதிய எண்கள் இருந்தன. முன்பக்கம் இரண்டாயிரத்து அறுபது பவுண்டு. அவள் அதைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

"இதுக்கப்புறம் எதையாவது மாத்தினோமா?" என்று கார்வினிடம் கேட்டாள்.

அவன் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். "என்னத்த மாத்தினோம்? எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிச்சேன். பெயிண்டுக்கும் எடை பாப்பியா நீ?"

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பெயிண்ட் அவளுக்குப் பிரியமானது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவளுடைய தங்கைக்கு இடுப்பு ஆபரேஷன். கிராண்ட் ராபிட்ஸில் ஏழு வாரம் கூட இருந்துவிட்டுத் திரும்பியபோது கார்வின் கராஜுக்குக் கூட்டிப்போய் பானெட்டைத் தூக்கிக் காட்டினான். எஞ்சின் முழுவதும் புது ஆரஞ்சு. அவன் நகக்கண்ணில்கூட ஆரஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஆலையில் கொடுத்த பணத்தில் வாங்கினேன் என்று அவன் காட்டிய ஸ்னோமொபைலை, அந்தப் பனி வண்டியை, சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அன்று அவனுக்காகச் செர்ரிப் பழ 'பை' சுட்டாள்.

ஸ்பிரிங் கெட்டியாக வேண்டாம் என்று முடிவு செய்தாள். இருவருக்குமே முதுகு வலி. மிருதுவான ஜோடி ஒன்றைக் கணக்குப் போட்டு வரவழைத்தாள். பக்கத்து சீட் இருக்கும் வலதுபக்கத்தது ஒரு நூல் உயரம் கூடுதல், கார்வினுக்காக. அவன் இருநூற்றுப் பத்து பவுண்டு.

மாட்டி இறக்கியபோது கார் ஒன்றரை அங்குலம்தான் தாழ்ந்தது. அரை அங்குலம் பாக்கி.

தெரு ஆளுக்கு அது கண்ணில் படாது. ஆர்டிஸுக்கு மூக்குக் கண்ணாடி கோணலாக இருப்பதுபோல் இருந்தது. புது ஸ்பிரிங் படியட்டும் என்று இருநூறு மைல் ஓட்டினாள். படியவில்லை. சக்கரங்கள் தொங்கும்போதே அவற்றைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை முறுக்கிவிட்டால் ரப்பர் பிடித்துக்கொண்டு கார் உயரமாக நிற்கும். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. அவள் அப்படிச் செய்யவில்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் தளர்த்தி, கார் தன் காலில் நிற்கும்போது மறுபடி முறுக்கினாள். சுருளின் நுனி பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று படுத்துப் பார்த்தாள். டயர் காற்று, பெட்ரோல், எல்லாம் பார்த்தாள். கார்வின் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தான். அரை அங்குலம் அப்படியே இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் மூடிக்கிடந்த சூப்பர்மார்க்கெட்டின் வண்டி நிறுத்துமிடத்தில் சங்கம் கூடும். லைல் பெசெக் செவலைச் சுற்றி வந்தான். மண் டிராக்கில் பந்தயம் ஓட்டுகிறவன். பெரிய தொப்பை, பெரிய வாய்.

"டாக்டரம்மா, நோயாளி இன்னும் மூக்கைத் தூக்கிக்கிட்டுதான் நிக்கிறாரு."

"படியும்."

"ஆகஸ்டுக்குள்ளயா, அடுத்த ஆகஸ்டுக்குள்ளயா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். கார்வினும் சிரித்தான்.

திரும்பும்போது அவன் சொன்னான். "அரைச் சுத்து வெட்டி எடுத்துடு. அஞ்சு நிமிஷ வேலை."

"நான் ஸ்பிரிங்கை வெட்டுறதில்ல. வெட்டினா கெட்டியாயிடும். எதனால உயரமா நிக்குதுன்னும் தெரியாமப் போயிடும்."

"எதுக்குத் தெரியணும்? எங்கயோ கூட்டல்ல விட்டிருப்பே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வயசாகுது ஆர்டிஸ். அறுபத்திரெண்டு. எனக்குந்தான் சாவி வச்ச இடம் மறக்குது. அதுல என்ன இருக்கு?"

அவன் அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான்.

அந்த வாரம் மிட்லண்டிலிருந்து ஒருவன் போன் செய்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். எழுதியதைப் பார்த்தாள். "வேற யார்கிட்டயாவது கேட்டுக்கப்பா. எனக்கு இப்போ முடியல" என்று வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சர்ச் ஹாலில் மீன் வறுவல் சாப்பாடு. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. முழுசாகச் சரியா என்று சொல்லவும் அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது. எதிரில் கார்வின் டார்ட்டர் சாஸை அவள் பக்கம் நகர்த்தினான். அவனிடம் கேட்கலாமா என்று நினைத்தாள்.

ஸ்பிரிங்கை வெட்டுவதில்லை என்ற பிடிவாதம் மூன்றாவது வாரம் தோற்றது. கார்வின் பல் டாக்டரிடம் போயிருந்த காலை. இரண்டு ஸ்பிரிங்குகளையும் கழற்றி மேசையில் நிறுத்தி, வெட்ட வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டாள். கட்டிங் வீலைக் கையில் எடுத்தாள். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை அளந்து பார்க்காமல் அவள் எதையும் வெட்டியதில்லை. கட்டிங் வீலைக் கீழே வைத்தாள். ஸ்பிரிங்குகளைப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனாள். அங்கே அமுக்கிப் பார்க்கும் மிஷின் இருக்கிறது. ஓர் அங்குலம் அமுக்கினாள், இரண்டு அங்குலம் அமுக்கினாள். முள் அவள் எழுதியிருந்த எண்ணில் போய் நின்றது. இரண்டு ஸ்பிரிங்கும் சொன்ன சொல் மாறவில்லை.

ஸ்பிரிங் சரி. கணக்கு சரி. அப்படியானால் மேலே உட்கார்ந்திருப்பது குறைவு.

அங்கிருந்து நேராக லைல் வீட்டுக்குப் போனாள். பந்தயக் காரை நிறுத்தி எடை பார்க்கும் நான்கு பலகைகள் அவனிடம் இருந்தன.

"எதுக்கு?" என்றான். "எடைதான் டிக்கியிலயே எழுதி வச்சிருக்கியே."

"என் கண்ணால பாக்கணும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. பலகைகளைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

ஸ்பிரிங்குகளை மாட்டி, காரைப் பலகைமேல் ஏற்றினாள். பின்பக்கம் பழைய எண்ணே, இரண்டு பவுண்டு வித்தியாசம். முன்பக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. நூற்றுப் பன்னிரண்டு பவுண்டைக் காணவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண் இறங்கிப் போன அளவு.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். தன் தலை கெட்டுப்போகவில்லை என்ற சந்தோஷம். அது ஒரு நிமிஷம் இருந்தது.

பம்பர் இருந்தது, பேட்டரி இருந்தது, ரேடியேட்டர் இருந்தது. பானெட்டைத் தூக்கி அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போல்ட்டுகள் சிதறாமல் போட்டு வைக்கும் காந்தத் தட்டு ஃபெண்டரில் ஒட்டியிருந்தது. அதைப் பிடுங்கி எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் பக்கவாட்டில் வைத்தாள். வார்ப்பிரும்பு என்றால் கையை இழுத்துக்கொண்டு போய் ஒட்டும். தட்டு வழுக்கிக் கீழே விழுந்தது. அந்தப் பக்கத்து ஹெட்டில் வைத்தாள். நடுவில் காற்று உள்ளே போகும் இன்டேக்கில் வைத்தாள். எல்லாம் அலுமினியம், மேலே நான்கு பூச்சு பெயிண்ட்.

ஏழு வாரம் அவன் அதைத்தான் செய்திருக்கிறான்.

கார்வின் மரத்த தாடையோடு உள்ளே வந்தான். பலகைகளைப் பார்க்கவில்லை.

"என்ன, வெட்டிட்டியா?"

"தட்டு ஒட்டல."

"எந்தத் தட்டு?"

அவள் தட்டை எடுத்து ஹெட்டில் வைத்து விரலை எடுத்தாள். அது விழுந்து சிமெண்டில் உருண்டு அவன் பூட்ஸில் இடித்து நின்றது. அவன் குனிந்து எடுத்தான். எடுத்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஓஹையோக்காரன் ஒருத்தன் வந்தான்" என்றான். "அந்த வருஷத்து அந்த மாசத்து ஹெட்டுதான் வேணும்னு அலைஞ்சிக்கிட்டிருந்தான். நல்ல விலை கொடுத்தான். புதுசு இன்னும் நல்லாத்தான் ஓடுது ஆர்டிஸ். ஓட்டறப்ப உனக்கே தெரியல."

"ஸ்னோமொபைல்."

"ஆமா."

"ஆலையில கொடுத்த பணம்னு சொன்னே."

"சொல்லிடணும்னுதான் இருந்தேன். நீ கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்துட்டே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"வித்தது போகட்டும்" என்றாள். "ரெண்டு பேர் காருன்னாலும், போகட்டும். மூணு வாரம் நான் தரையில படுத்து அளந்துக்கிட்டிருந்தேன். நீ டார்ச் பிடிச்சே."

அவன் கையிலிருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வயசாகுதுன்னு சொன்னே."

"ஆறுதலுக்குச் சொன்னேன்."

"மிட்லண்ட்காரனை வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டேன். நீ பக்கத்துலதான் சாண்ட்விச் தின்னுக்கிட்டிருந்தே."

"வெட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றான் கார்வின், மிகச் சன்னமாக. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது போலிருந்தது.

ஆர்டிஸ் டிக்கியைத் திறந்து பழைய எண்களின் மேல் கோடு கிழித்தாள். கீழே புது எண்களையும் தேதியையும் எழுதினாள். பிறகு சமையலறைக்குப் போய் ஸ்பிரிங் செய்கிறவர்களுக்குப் போன் போட்டாள். கார்வின் கதவோரம் வந்து நின்றான்.

"முன்பக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு" என்றாள். "ஆமா, போன தடவை எழுதினது தப்பு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல. இந்தத் தடவை ஒருத்தர்தான். ஓட்டறவங்க மட்டும்."

பத்து நாளில் ஸ்பிரிங் வந்தது. அவள் தனியாக மாட்டினாள். டார்ச்சை ஃபெண்டரில் சாய்த்து வைத்துக்கொண்டாள். கார் இரண்டு அங்குலம் இறங்கியது, மயிரிழை பிசகவில்லை. மிட்லண்ட்காரனுக்குப் போன் செய்தாள். அவன் வேறு ஆளிடம் வாங்கிவிட்டதாகச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை லைல் கேலி பேச வந்தவன் பேசாமல் குனிந்து பார்த்தான். விரலை மடக்கி டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே விட்டுப் பார்த்தான்.

"அழகா உட்கார்ந்துடுச்சு. என்ன தப்பு பண்ணியிருந்தே?"

"எடை மாறலன்னு வாயால சொன்னதை நம்பிட்டேன்."

"நீயா?" என்றான். பிறகு சுற்றிலும் பார்த்தான். "கார்வின் எங்க?"

"வீட்ல."

அவன் வலதுபக்கக் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தான். கார் அந்தப் பக்கம் சரிந்தது.

"இங்க தொய்யுதே. ஸ்பிரிங் பத்தல."

"அந்தப் பக்கம் ஆள் கிடையாது" என்றாள் ஆர்டிஸ். "இறங்கு லைல். டயர் உரசும்."