மோர்சிங்கில் ஒட்டிய மெழுகு

எழுபதுகளில் ஒரு சித்திரை மாதம். மாமல்லபுரம் கோயிலில் ஐந்து மணிக்கு என் முதல் கச்சேரி. பாடகரின் சுருதிக்கு இறக்க, மோர்சிங்கின் இரும்பு நாக்கு நுனியில் தேன்மெழுகு ஒட்டியிருந்தேன். செங்கல்பட்டுப் பேருந்தில் அதை வெயில்பட வைத்தது என் தவறு. நாலேகாலுக்குக் கோயிலில் மோர்சிங்கை முன்பற்களில் பதித்து விரலால் மீட்டினேன். மெழுகு உருகிப்போய்ச் சுருதி ஏறியிருந்தது. யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு மதிலோரம் நின்றேன்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறே?" என்றார் எதிர்ப் பட்டறைச் சிற்பி.

சொன்னேன்.

"மெழுகா? வெண்கலச் சிலைய மொதல்ல மெழுகுலதான் செய்றது; வெச்சிகினு கீறேன், எடுத்துக்கோ. சுண்டுவிரல் கொறைஞ்சா சாமி கோச்சிக்காது."

கடுகளவாகக் கிள்ளி ஒட்டி மீட்டினேன், மறுபடி ஒட்டினேன். கச்சேரியில் என் முதல் மீட்டே தம்புராவோடு இழைந்தது.

இப்போதெல்லாம் யார் முகம் வாடியிருந்தாலும் நானே முதலில் கேட்டுவிடுகிறேன்.