வெட்டாமல் விடுகிறவர்

சட்டையின் கைமுனையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இதோ, இந்த வழியாத்தான் ரத்தம் நுரையீரலுக்குப் போகணும்," என்கிறார் டோரீன் குசேரா. "வழியில சதை அடைச்சுக்கிட்டு நிக்குது. முனையில இருக்கிற கதவும், அதான் வால்வு, சின்னது. போதாததுக்கு உள்சுவர்ல ஒரு ஓட்டை. அதான் உங்க பொண்ணு அழுதா நீலமாயிடறா."

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எவேலியோவும் ஃபிலோமேனாவும். குவாத்தமாலாவிலிருந்து வந்து, அமெரிக்காவில் ஒமாஹா நகரின் தெற்குப் பகுதியில் குடியேறிய தம்பதி. எவேலியோ மாட்டிறைச்சி ஆலையில் வெட்டுகிற வரிசையில் நிற்கிறவன். ஃபிலோமேனாவின் மடியில் ஐந்து மாதக் குழந்தை இட்ஸெல் தன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

"சுலபமா முடிக்க வழி இல்லையா, டாக்டரம்மா?"

"இருக்கு. கதவோட சேர்த்து நீளமாக் கிழிச்சு ஒட்டுப் போட்டுடலாம். வழி நல்லா அகலமாயிடும். ஆனா கதவுன்னு ஒண்ணு இருக்காது. போன ரத்தம் திரும்பி வரும், வந்துக்கிட்டே இருக்கும். இவ பெரியவளானதும் இதயம் ஊதிப்போய், மறுபடி நெஞ்சைத் திறக்கணும்." முறுக்கிய கையை விடுகிறார். "நான் கதவைக் காப்பாத்தத்தான் பார்ப்பேன். முடியலைன்னா வெட்டுவேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

ஐம்பத்தெட்டு வயதாகும் டோரீன், குழந்தைகளின் இதயத்தைத் தைக்கிற அறுவை மருத்துவர். இப்படி முறுக்கி முறுக்கியே அவருடைய எல்லாச் சட்டைகளுக்கும் இடது கைமுனை நைந்துபோயிருக்கும். இவர்களோடு அவர் பேசுவது, கல்லூரி விடுமுறைகளில் இதே இறைச்சி ஆலைகளில் வேலை பார்த்தபோது கற்ற ஸ்பானிஷ் என்பதால், அவர் பேச்சில் வசவும் வாஞ்சையும் கலந்தே வரும். மொழிபெயர்க்க வந்த பெண் பாதி நேரம் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

"உங்க கத்தி எவ்வளவு நீளம்?" என்று எவேலியோ கேட்டான்.

"உன் கத்தியோட பிடி அளவுகூட இல்ல."

"எங்க லைன்ல ஒருத்தன் கை நின்னா சூப்பர்வைசர் கத்துவான்."

"எங்க லைன்ல நான்தான் சூப்பர்வைசர். நான் நில்லுன்னா எல்லாரும் நிக்கணும்."

கதவைக் காப்பாற்றுவதில் அவருக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்டால், மருத்துவக் காரணத்தோடு நிறுத்த மாட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு தருகிற காப்பீடு பத்தொன்பது வயதோடு முடிந்துவிடுகிறது. கதவில்லாத இதயம் தள்ளாடத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். "வக்கீல் வீட்டுப் பையன் ரெண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சுக்கிட்டு வருவான். லாரி ஓட்டுறவன் மயங்கி விழுந்தப்புறம்தான் வருவான். ரெண்டு பேருக்கும் ஒரே நோய்," என்பார்.

காப்பீட்டு நிறுவனங்களோடு அவர் பேசுவது தனிக் காட்சி. மருத்துவமனை உணவகத்தில் எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் ஆப்ரிகாட் வைத்த கோலாச் ரொட்டியைக் கடித்தபடி பேசுவார். இட்ஸெலுக்கு ஸ்கேன் தேவையில்லை என்று மறுத்த அதிகாரியிடம், "நுரையீரல் வால்வு என்ன வேலை செய்யுதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்," என்றார். மறுமுனையில் தாளைப் புரட்டுகிற சத்தம். "என்னன்னே தெரியாததை வேண்டாம்னு சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம்?" அன்று மாலையே அனுமதி வந்தது.

டோரீனின் அறையிலிருந்து கிளம்பும்போதுதான் ஃபிலோமேனா, தரையைப் பார்த்தபடி, தான் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று துணி காயப்போட வெளியே போனதைச் சொன்னாள். வயிற்றுப் பிள்ளைக்குக் காவலாக அவள் ஊர்ப் பெண்கள் கட்டுகிற சிவப்புத் துணியையும் கட்டிக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து மாமியார் போனில் தினமும் அதையே சொல்லிக் குத்துகிறாளாம்.

டோரீன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "கிரகணம் வந்தப்போ உனக்கு எத்தனை மாசம்?"

"ஏழு."

"இதயம் ரெண்டாம் மாசத்துலயே உருவாகி முடிஞ்சாச்சு, பொண்ணே. அந்த ஓட்டை, அந்தச் சின்னக் கதவு, எல்லாம் அப்பவே இருந்தது. அஞ்சு மாசம் கழிச்சு வந்த நிழல் முன்னால போய் எதைக் கெடுக்கும்? உன் மாமியாரை எனக்கு போன் பண்ணச் சொல்லு."

"அவங்க யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க," என்றான் எவேலியோ.

"நானும்தான்."

ஃபிலோமேனா சிரிக்கவில்லை. காரணமில்லாமல் ஒரு தாயின் தலையில் பழியைக் கட்டுவதைப் போல மலிவான வேலை உலகில் வேறில்லை. அதைக் கழற்ற, ஒரு கணக்குச் சொன்னால் மட்டும் போதாது என்பது டோரீனுக்குத் தெரியும்.

அறுவை நடந்த அன்று வெளியே பனி கொட்டியது. இதயத்தின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டதும், டோரீன் இதயத்தின் தசைச் சுவரைக் கிழிக்காமல் மேலறை வழியாகவே உள்ளே போனார். ஓட்டையை அடைத்தார், வழியை மறித்த சதையைச் செதுக்கி எடுத்தார். மேலேயிருந்து கதவின் ஒட்டிப்போன இதழ்களைப் பிரித்து, மெல்லிய உலோகக் குச்சிகளை ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக நுழைத்து விரித்தார். பின் இயந்திரத்தை நிறுத்தினார்கள். சின்ன இதயம் தானே துடிக்க ஆரம்பித்தது.

வலது அறையின் அழுத்தத்தை ஊசி வைத்து அளந்தார்கள். இடது அறையின் அழுத்தத்தில் முக்கால் பங்கு. இருக்கக் கூடாத அளவு; வழி இன்னும் அகலவில்லையோ என்று நினைக்கவைக்கிற அளவு.

மயக்க மருத்துவர் வெண்டல், டோரீனோடு பல வருடம் வேலை செய்தவர், திரையைப் பார்த்தார். ஒட்டுப்போட வெட்டிய துண்டு தட்டில் தயாராக இருந்தது. "வெட்டிடலாம், டோரீன். பொண்ணுக்கு அதுதான் பத்திரம்."

"அட்ரினலின் எவ்வளவு ஓடுது?"

"வழக்கமா குடுக்கறதுதான்."

"அதான் அடிக்குது. சதையை வெட்டின கோபத்துல இதயம் இறுக்கிப் பிடிக்குது, நீ அதுக்குச் சவுக்கடி வேற குடுக்கற. அட்ரினலினைக் குறை. ரத்தம் கொஞ்சம் ஏத்து. துடிப்பை நிதானப்படுத்த மருந்து குடு. அப்புறம் எல்லாரும் நில்லுங்க."

நிற்பது என்றால் அவர் அறையில் ஒரு முறை உண்டு. திரையைப் பார்க்கக் கூடாது. இதயத்தைப் பற்றிப் பேசவும் கூடாது. கண் திரையில் இருந்தால் கை அரிக்கும் என்பது அவர் கட்சி. அவசரக் கை வெட்டிய கதவுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"உங்க ஊர்ல பீன்ஸ் குழம்போட இனிப்பு ரொட்டி தின்கிறீங்களே, அதுக்கு முதல்ல ஒரு ஆபரேஷன் பண்ணணும்," என்றார் தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக்காரரான வெண்டல்.

"தின்னு பார்க்காமலே வேண்டாம்கறவனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில இடம் காலியா இருக்கு."

யாரோ முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள். டோரீனின் கைகள் மார்பருகே கோத்தபடி இருந்தன. கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"இப்பப் பாரு," என்றார் கடைசியில்.

வெண்டல் பார்த்தார். மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தார்கள். பாதிக்கும் கீழே வந்திருந்தது. எக்கோ ஸ்கேன் படத்தில் கதவின் இதழ்கள் திறந்து, சேர்ந்து, திறந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு சொட்டுக் கசிவு, அவ்வளவுதான்.

"மூடலாம்," என்றார் டோரீன்.

இரண்டு நாள் கழித்து, சுவாசக் குழாயை எடுத்த பிறகு, தீவிர சிகிச்சை அறையில் ஃபிலோமேனா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். குழந்தையைத் தொடவில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். டோரீன் வந்து, தன் ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, வட்டத்தைக் குழந்தையின் நெஞ்சில் கட்டுக்கு ஓரமாக வைத்தார்.

"ரெண்டு சத்தம் கேக்குதா? ரெண்டாவதைக் கவனி. அதோட வால்ல இன்னொண்ணு மெதுவா வரும். அதுதான் கதவு சாத்தறது."

"எனக்குக் கேக்கல."

"நீ மூச்சை அடக்கிட்டு இருக்க. விடு. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

ஃபிலோமேனா மூச்சை விட்டாள். பிறகு உதடுகள் அசைந்தன, கேட்கிற சத்தத்தைக் கூடவே சொல்கிற மாதிரி. டோரீன் தன் கையை எடுத்துக்கொண்டார். வட்டத்தைப் பிடித்திருந்தது இப்போது ஃபிலோமேனாவின் விரல்கள்தான்.

அடுத்த கட்டிலிலிருந்து டோரீனைக் கூப்பிட்டார்கள். அவர் ஃபிலோமேனாவைத் தொந்தரவு செய்யாமல் நகர்ந்து, போகிற வழியில் கையை நீட்டி, நர்ஸின் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக்கொண்டு நடந்தார்.