ஒளிப்பறைக்கு ஒரு பிளான்

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த மறுவருஷம், அங்கே ஜெலுத்தோங் பகுதியில் குடியிருந்த கிராணி கதிரைவேலு, வயதுக்கு வந்த மகளை ஜப்பான் சிப்பாய்கள் கண்ணில் படாமல் மறைத்துவைக்கக் குசினிக்குப் பின்னால் ஓர் ஒளிப்பறை கட்டத் துணிந்தார். இருபது வருஷம் அரசாங்கத்தில் எழுத்து உத்தியோகம் பார்த்த மனுஷன்; அனுமதியில்லாமல் ஒரு செங்கல் வைக்கமாட்டார். அங்கேதான் பிடித்தது சனி. ஸ்கேல் பிடித்து அழகாக வரைந்து, 'சாமான் அறை' என்று எழுதி, ஜப்பான்காரன் நடத்தும் நகரசபைக் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரோ? ஒளிக்கிற அறைக்கு ஆரும் பிளான் குடுப்பினமோ?" என்று மனைவி பத்மாவதி தலையில் அடித்துக்கொண்டபோதுதான் அவருக்குத் தான் செய்த மடத்தனம் உறைத்தது.

மூன்றாம் நாள் காலை, அதே தாளுடன் ஜப்பானிய அதிகாரி வாசலில் நின்றான். மகள் விறகுக் குவியலுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக் கிடந்தாள். கதிரைவேலு இடுப்பொடியக் குனிந்தார். தாளைத் தட்டிக்காட்டி அதிகாரி சிரித்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளன் சொன்னான்:

"பயப்படாதீங்கண்ணே. உங்க பிளான் பாகூஸ்னு பாராட்டுறாரு. நாளையிலேருந்து இந்த ஜாலான்ல, தெரு முழுக்க ஒவ்வொரு வீடா அளந்து, ஒரு அறை விடாம வரைஞ்சு கொடுக்கணுமாம் லா."

கதிரைவேலு இன்னொரு முறை குனிந்தார். அடுத்த வீட்டு அலமாரிக்குப் பின்னால், யாரிடமும் அனுமதி கேட்காமல் கட்டிய அறைக்குள், இரண்டு குமர்ப்பிள்ளைகள் இருப்பது அவருக்குத் தெரியும்.