ஜல்திக்குப் பல் முளைத்த பருவம்

சட்டைக்குள் இருந்த குட்டி என் பித்தானை மென்றுகொண்டிருந்தது. அதன் எச்சில் வெதுவெதுப்பாக நெஞ்சில் வழிந்து, வயிற்றைக் கடந்து, அரைஞாண் கயிறு வரை இறங்கியிருந்தது. முள்ளிப்பட்டைப் பின்னால் விட்டு, வேலூர்ச் சாலையில் கண்ணமங்கலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பைப் பாதியில் நிறுத்தியிருந்த எனக்கென்று இருந்தவை உடுத்தியிருந்த துணியும் அந்த நாய்க்குட்டியும்தான். அதைக் கொன்றுவிடுவது என்று எங்கள் தெரு முடிவு செய்திருந்தது. விடுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பாதி இடம் அப்பாவின் தறிக்கு, மீதி இடம் எங்களுக்கு. ஆரணியிலிருந்து நெசவுக்குப் பாவு நூல் கொடுத்துச் சேலையை வாங்கிப்போகும் 'மேஸ்திரி' வாசலில் நின்றபடியே "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்துவார். தெருநாய் ஈன்றதில் ஒன்றை நான் எடுத்து வளர்த்தபோது அதற்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தேன். அவர் இருக்கும்போது "ஜல்தி, இங்க வாடா" என்று கூப்பிடுவதில் எனக்கு இருந்த இன்பம் அப்பாவுக்கு இல்லை.

குட்டி நாலு மாதம் கடந்ததும் எதைக் கண்டாலும் கடிக்கத் தொடங்கியது. செருப்பு, விளக்குமாறு, தறியின் மிதிப்பலகை, அதில் கட்டிய கயிறு, ஒன்றையும் விடவில்லை. நானும் அதுவும் ஒரு கோணித் துண்டை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்து விளையாடியபோது, கோணியின் இழையில் அரிசியைவிடச் சற்றே பெரிதாக ஒரு வெள்ளைப் பொருள் சிக்கியிருந்தது. பல். ஜல்தியின் வாயில் அது இருந்த இடத்தில் ஈறு சிவந்து, நடுவில் புதுப் பல்லின் முனை தெரிந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது வழக்கம். அப்படிச் செய்தால்தான் புதுப் பல் ஒழுங்காக முளைக்குமாம். எனக்கு எறிந்தார்கள், என் தங்கைக்கு எறிந்தார்கள். ஜல்திக்கு மட்டும் என்ன குறை என்று அதையும் சாணியில் உருட்டி எங்கள் ஓட்டுக் கூரைமேல் எறிந்தேன். கையிலிருந்த ஒரே சாட்சி அப்படிப் போயிற்று.

அந்த வாரமே மேஸ்திரி வந்தார். தறியில் சந்தன நிறச் சேலை பாதி முடிந்திருந்தது. குனிந்து பார்த்தவர், "இன்னாய்யா இது, பார்டருக்குப் பக்கத்துல குங்குமப் பொட்டு வச்சிகிற? நான் கேக்கலியே" என்றார். ஜல்தி துணியில் வாயைத் துடைத்திருக்கிறது. சிறு சிறு ரத்தப் புள்ளிகள்.

அதற்குள் எதிர்வீட்டுக் குமரேசன் மாமா வந்துவிட்டார். அவரும் நெசவுதான். முந்தின நாள் ஜல்தி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்திருந்தது. "எச்சி ஒழுகுது, கண்டதையெல்லாம் கடிக்குது, இப்ப ரத்தம் வேற. வெறிதான். இன்னும் இன்னா வேணும்?" என்றார்.

அவர் பயத்தை நான் இன்றும் கேலி செய்யமாட்டேன். நெய்கிறவன் நாள் முழுக்கத் தறிக்குழிக்குள் வெறுங்காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கண் மேலே இழையிலும் அதன் குறுக்கே ஓடும் நாடாவிலும் இருக்கும். கால் கீழே இருட்டில் இருக்கும். கோடையில் நாய்கள் குளிர்ச்சியைத் தேடி அந்தக் குழிக்குள்தான் இறங்கிப் படுக்கும். பக்கத்து ஊரில் வெறிநாய் கடித்து ஒருவர் செத்திருந்தார். "காலு ரெண்டும் குழிக்குள்ள கீது. மேல நாடாவப் பாப்பனா, கீழ நாயப் பாப்பனா?" என்று மாமா கேட்டதும் கூடியிருந்தவர்கள் எல்லாரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்குப் பல்லு விழுந்து மொளைக்குது மாமா" என்றேன்.

"நாய்க்குப் பல்லு மொளைக்குதாம்டா. நாளைக்கு மீசையும் மொளைக்கும், பாத்துகினே இரு."

"நெசமாத்தான் மாமா. நானே பாத்தேன்."

"எங்க, விழுந்த பல்லக் காட்டு."

"கூரை மேல எறிஞ்சிட்டேன்."

தெருவே சிரித்தது. "சாணியில உருட்டினியா?" என்று ஒருத்தி கேட்டாள். "உருட்டினேன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். நான் சுவரைப் பிடித்து ஓட்டின்மேல் ஏறித் தேடினேன். காய்ந்த சாணி உருண்டைகள் ஏராளமாகக் கிடைத்தன. உடைத்தால் தெருப் பிள்ளைகளின் பற்கள். "எறங்குடா, ஓடு ஒடையப் போவுது" என்று அப்பா கீழே கத்தினார்.

இறங்கி வந்து, எல்லாருக்கும் தெரியும்படி ஜல்தியின் வாயைப் பிளந்து காட்டினேன். அதுதான் வினையாயிற்று. பழைய கோரைப்பல் விழவில்லை. அதை ஒட்டியே புதுக் கோரைப்பல் இறங்கியிருந்தது. ஒரே இடத்தில் இரண்டு. "அய்யோ, ஜோடிப் பல்லு" என்று முன்னால் நின்றவள் பின்வாங்கினாள். மாமா நிதானமாக, "நீயே காட்டிட்ட" என்றார்.

ஆரணியில் கால்நடை மருத்துவர் இருந்தார். தூக்கிப்போய்க் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நாயைப் பிடித்துப்போய்க் கொல்லக் கோணியோடு ஓர் ஆள் வருவதாகப் பேச்சு நடந்தது.

"நானே எங்கனா எடுத்துகினு போறேன்" என்றேன்.

அப்பா மேஸ்திரியைப் பார்த்தார், ரத்தப் புள்ளியைப் பார்த்தார். "நாயோட போறதுன்னா அப்டியே போயிடு. திரும்பி வராத."

"சரி" என்றேன்.

அம்மா உள்ளே, நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தவில்லை, தலையும் நிமிரவில்லை. நான் கடக்கும்போது மட்டும், "சட்டைக்குள்ள போட்டுகினு போ. கோணிக்காரன் பாத்தா புடுங்கிக்குவான்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செங்கல் சூளையில் இருந்திருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், பரோட்டாவுக்கு மாவு பிசைந்திருக்கிறேன். எந்த ஊரிலும் வேர் பிடித்ததில்லை. ஒரு நாய்க்காகவா வீட்டை விட்டாய் என்று கேட்காதவர்கள் குறைவு. ஆமாம், நாய்க்காகத்தான். அதைவிடப் பெரிய காரணம் சொல்லச் சொன்னால் என்னிடம் இல்லை, தேடவும் இல்லை. இன்று கைபேசியில் தட்டினால், குட்டிகளுக்குப் பால்பல் விழும், பெரும்பாலும் அவை விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை, சில நாள் பழையதும் புதியதும் சேர்ந்தே நிற்கும் என்று படம் போட்டுக் காட்டுகிறது. எங்கள் தெருவில் இப்போது பவர்லூம் ஓடுகிறதாம். தறிக்குழிகளை மூடித் தளம் போட்டுவிட்டார்களாம். குமரேசன் மாமா இல்லை. ஜல்தியும் இல்லை, நல்ல பற்களோடு நெடுநாள் வாழ்ந்துவிட்டுத்தான் போயிற்று. நாய்க்குப் பல் முளைக்கும் என்று இன்று யாரிடம் சொன்னாலும் சண்டைக்கு வருவதில்லை. அன்று சொன்னதற்குத்தான் நான் நடக்க வேண்டியிருந்தது.

அன்றிரவு சாலையோரப் பேருந்து நிழற்குடையில் தூங்கினோம். விடிந்ததும் பசி. கண்ணமங்கலத்துக்குச் சற்று முன்னால் ஒரு களத்தில், அந்தப் பக்கத்தில் 'மல்லாட்டை' என்று சொல்லும் நிலக்கடலையைக் காயப்போட்டிருந்தார்கள். களத்துக்காரம்மா ஒருத்தி கையில் கோலோடு காக்கையையும் பன்றியையும் மாறிமாறித் திட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊர்டா நீ?"

"முள்ளிப்பட்டுங்க. வேலை எதுனா இருந்தாக் குடுங்க."

"சட்டைக்குள்ள இன்னா?"

"நாய்க்குட்டிங்க. அது இருக்கிறதுன்னாத்தான் நானும் இருப்பேன்."

"பெரிய கலெக்டரு, கண்டிசன் போட்றாரு" என்றபடி கிட்டே வந்தாள். ஆட்டுக்கு வயது பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் ஜல்தியின் உதட்டைத் தூக்கினாள். இரண்டு கோரைப்பல்லும் நன்றாகத் தெரிந்தன.

"பல்லு போட்டுகினு கீது" என்றாள், வானம் மூடியிருக்கிறது என்று சொல்வதுபோல.

"ஆமாங்க. தெருவுல யாரும் நம்பலைங்க."

"ஆடு மாடு போட்டா நாயி போடாதா? நம்பாதவன் ஊட்ல ஆடே இல்ல போல." கோலை என் கையில் திணித்தாள். "மீதிய அப்புறம் பேசலாம். மொதல்ல அந்தப் பன்னிய வெரட்டு."

குட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, கோலை ஓங்கிக்கொண்டு ஓடினேன்.