தொட்டிக்காரரின் வேலையாட்கள்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டே முக்கால் மணிக்கு அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கூடத்தை வாடகைக்குக் கேட்டு வந்திருந்தார். வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், குதிகாலால் தரையை ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"தளம் தாங்குமா சார்?"

"எதைத் தாங்கணும்?"

"தண்ணியை. பாக்கத்தான் சாது. கனம் தெரியணும்னா ரெண்டு வாளி மாடிக்குத் தூக்கிப் பாக்கணும்."

அடுத்த வாரமே கூடத்துக்குள் நீலத் தொட்டிகள் வந்து இறங்கின. தெருவில் அவருக்குத் தொட்டிக்காரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பயிற்சி வகுப்பு நடத்துவது அவருடைய தொழில். மீன் வளர்த்த நீரைக் கீழே கொட்டாமல், நஞ்சு நீக்கி மறுபடியும் அதே தொட்டிக்குச் சுழற்றி விடுவது எப்படி, அந்த நீர் போகிற வழியில் மண்ணே இல்லாமல் கீரை வளர்ப்பது எப்படி என்று வெள்ளி முதல் ஞாயிறு வரை கற்றுக்கொடுப்பார். அதற்கு முன் பல ஆண்டுகள் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றியவர். ஒரு மீன் பண்ணைக்குப் பம்பு பழுதுபார்க்கப் போனவர், மனத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். சொந்தமாகத் தொட்டி வைத்து மூன்று முறை மீனைப் பறிகொடுத்தார். நான்காவது முறைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கற்றதைக் கற்பிக்கக் கிளம்பிவிட்டார்.

"நீந்தத் தெரியாதவரு நீச்சல் கத்துக் குடுக்குறாரு" என்பது அவர் மனைவியின் கேலி. அதை அவர் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

கூடத்தின் மூலையில் மூடியிட்ட பீப்பாய் ஒன்று இருந்தது. அதனுள் விரல்நுனி அளவுள்ள பிளாஸ்டிக் வளையங்கள், பழுப்பேறிய வழுவழுப்போடு நீரில் புரண்டுகொண்டிருக்கும். மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அந்த வழுவழுப்பில்தான். வகுப்பில் அவர் அவற்றை வேலையாட்கள் என்பார்.

"இவங்க சம்பளம் கேக்க மாட்டாங்க, லீவு கேக்க மாட்டாங்க. ஆனா கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னா ஒன்றரை மாசத்துக்குத் திரும்ப மாட்டாங்க."

"என் மருமகப்பிள்ளை பரவாயில்லை சார், கோவிச்சுக்கிட்டுப் போனாலும் பசிச்சா வந்துருவாரு" என்று ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி சொன்னார். அன்று தொட்டிக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் சிரிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அவரிடம் படித்தவர்களில் தொட்டியை நிலைநிறுத்தியவர் எவரையும் நான் அறியேன். ஊருக்குப் போய்ச் சில மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைப்பார்கள்: "சார், மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது." காற்றுப் பம்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். பெரும்பாலும் செத்த மீனை அள்ளத்தான் உதவுவார். இரண்டே பேர் வந்த வகுப்பும் ஒன்று உண்டு. அவர்களில் ஒருவர் தையல் வகுப்பு என்று நினைத்து வந்தவர்.

அந்த நிலையில், வேலையற்றோருக்குத் தொழில் கற்பிக்கும் சங்கம் ஒன்று ஆண்டு முழுவதும் அவரிடம் ஆட்களை அனுப்ப முன்வந்தது. அதன் பெண் அதிகாரி ஒரு திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் அனுப்புவார். மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இதுவும் இல்லேன்னா எல்லாத்தையும் வித்துட்டு மறுபடி கம்பி சுத்தப் போங்க. என்னால இதுக்கு மேல முடியாது."

அதற்கு முந்தின வாரம் வகுப்புக்கு ஆள் சேரவில்லை. சனிக்கிழமை, வழக்கம்போல் ஒரு பழைய மாணவரின் அழைப்பு வந்தது. வெளியூருக்குக் கிளம்பியவர், கூடத்தை மச்சானிடம் ஒப்படைத்தார். மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பு நாட்களில் பெயர் பதிவதும் தேநீர் போடுவதும் அவர் பொறுப்பு. பாடம் நடக்கும்போது பெரும்பாலும் பின்கட்டில் அடுப்பருகே இருப்பார்.

"மச்சான், எடத்தை நல்லாக் கழுவி வைங்க. அந்தம்மா தூசி பாக்குற ஆளாம்."

"எதையெல்லாம்?"

"எல்லாத்தையுந்தான். பளிச்சுன்னு இருக்கணும்."

"ஆபரேஷன் தியேட்டரையே கழுவுனவன் மாப்ளே நான். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

'எல்லாம்' என்ற சொல்லுக்கு வேலி கிடையாது. மச்சான் தரையைக் கழுவினார், சுவரைத் துடைத்தார், தொட்டிகளின் வெளிப்புறத்தைத் தேய்த்தார். பிறகு பீப்பாயின் மூடியைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் பழகிய கண்ணுக்கு அந்தப் பழுப்பு வழுவழுப்பு எப்படிப் பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. வளையங்களை அள்ளி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, திரும்பப் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை காலை தொட்டிக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கூடத்துக்கு வந்தபோது, அதிகாரி முன்பே வந்து நின்றிருந்தார். கட்டட உரிமையாளன் என்ற முறையில் நானும் இருந்தேன். அந்தக் கூடம் அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் இருந்ததேயில்லை. தொட்டிகளில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன; உயிர் மிச்சமிருந்தவை ஓரத்தில் ஒதுங்கிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன.

அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை. பீப்பாயைத் திறந்து ஒரு வளையத்தை எடுத்தார். அது வெள்ளை வெளேரென்று இருந்தது. முகர்ந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடர் வாசனை எனக்கும் எட்டியது.

"கரண்ட் போயிருக்கும் மாப்ளே" என்றார் மச்சான். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அன்றைக்கென்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பையில் பேனா குத்தியிருந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

தொட்டிக்காரர் ஒருமுறை மச்சானைப் பார்த்தார்.

"தீனி கூடிப் போச்சு மேடம். என் கணக்குதான் தப்பு."

"உங்க தொட்டியே உங்க பேச்சைக் கேக்கலையேங்க. நான் எதைச் சொல்லி ஆள் அனுப்புறது?"

"அதுவும் சரிதான் மேடம்."

பின்புறம் குழி வெட்டி மீன்களைப் புதைத்துக்கொண்டிருந்தபோது, நடந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாத்தையும்னு சொன்னது நான். எனக்காகத்தான கழுவுனாரு. நீங்களும் சொல்லிடாதீங்க சார். அண்ணன் தங்கச்சிக்கு வேற நாதியில்ல." மண்ணைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தார்: "என் சொந்தத் தொட்டி மூணு தடவை செத்துச்சே, அப்ப யாரு கழுவுனா? கழுவாம இருந்திருந்தாலும் எனக்கு நின்னுருக்காது."

கடைசி வாக்கியத்தை அவர் வருத்தத்தோடு சொல்லியிருந்தால் ஆறுதல் கூறியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னார்.

தொட்டிகளை யாரோ தண்ணீர் பிடித்து வைக்க வாங்கிப் போனார்கள். அவர் ஒரு கடையில் மறுபடியும் கம்பி சுற்றச் சேர்ந்தார். கண் மங்கியிருந்ததால் சுற்றியதையே பிரித்துச் சுற்ற வேண்டியிருந்தது. வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும் மனைவி அதே இடத்தில் கொண்டுவந்து முடிப்பார்: "மீனுக்குத் தீனி போடக்கூடத் தெரியாத மனுஷன்." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

சில மாதங்களுக்குப் பிறகு மச்சான் என்னைத் தேடி வந்தார்.

"சார், அந்த வழுவழுப்புக்கு பிளீச்சிங் ஆகாதாமே?"

"ஆகாது."

"மாப்ளைக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "இன்னைக்கே தங்கச்சிகிட்ட சொல்லிடறேன்" என்றார்.

சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வீட்டுக்குப் போனார். தங்கை அந்த வாக்கியத்தை எடுக்கும்போது பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு ஞாயிறு நானும் இருந்தேன். மனைவி சொல்லி முடித்தார். பேப்பர் அசையவில்லை. தொட்டிக்காரர் இருமிக்கொண்டே சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"அங்க காத்து வராது மச்சான். இங்க, ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க."

அடுத்த ஆண்டு நுரையீரல் நோயில் தொட்டிக்காரர் இறந்தார். "தீனி கூடல, நான்தான் கழுவிட்டேன்" என்ற ஒரே வாக்கியம்தான் மச்சான் அவருக்குத் தர வேண்டியிருந்தது. அந்தக் கடனை அவர் கடைசிவரை கேட்கவில்லை.