முன்பாதி அந்தோணியிடம்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கிறேன். கையில் புதுக் கதைப் புத்தகம், பாதி படித்தாயிற்று. ஷிப்ட் முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளி முனுசாமி பக்கத்தில் உட்காருகிறார்.

"இன்னா கதைங்க?"

சொல்கிறேன். அவரும் தன் பையிலிருந்து அட்டையில்லாத ஒரு கத்தைத் தாளை எடுக்கிறார். அதுவும் கதைதானாம்.

"யார் இப்படிக் கிழித்தது?" நான் பக்க ஓரத்தைக்கூட மடிக்காதவன்.

"நாங்கதாங்க. தங்கம் ஒளிச்சிக்கினு வரோமான்னு சுரங்க கேட்டுல சோதனை போடுவாங்க. தடி அட்டைய பார்த்தா பிளந்துடுவாங்க. அதான் நாங்களே பிரிச்சி ஆளுக்கொரு கத்தையா வச்சிக்கினோம். கீழ சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் படிப்பாரு, மத்தவங்க கேப்போம்."

தூரத்தில் வண்டி கூவுகிறது. அவர் பார்வை என் புத்தகத்தை விட்டு நகரவில்லை.

"நீங்க படிச்ச பாதி இனிமே உங்களுக்கு வேணுங்களா?"

மனசில்லாமல்தான் பேனாக்கத்தியால் தையலை அறுக்கிறேன். முன்பாதியை வாங்கிக்கொண்டு தன் கத்தையை நீட்டுகிறார்.

"நான் முடிச்சிட்டேன், நீங்க படிங்க. இதுக்கு முன்பாதி எங்க ஷிப்ட்டு அந்தோணிகிட்ட இருக்குது. உங்க பின்பாதிய படிச்சி முடிச்சி எடுத்துக்கினு வாங்க, அவர்கிட்ட இருந்து வாங்கித் தரேன்."

வண்டி நகர்கிறது. கத்தையின் முதல் வரியிலேயே ஒருத்தி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். ஏன் என்று அந்தோணிக்குத்தான் தெரியும்.