மிராயா வெட்டிய கயிறு

ஐம்பத்து நான்கு வயது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரஷர் மாத்திரை. இப்படிப்பட்ட ஓர் ஆள், உலகத்திலேயே இல்லாத ஒரு பெண்ணிடம் கோபித்துக்கொண்டு நான்கு நாள் பேசாமல் இருந்தான் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். நான்தான் அது.

அவள் பெயர் மிராயா. வீடியோ கேமில் வரும் படகுக்காரி. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கேம் பெட்டியைத் தூசி தட்டப் போய், எனக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. கடல் ஏறிக்கொண்டே வரும் ஒரு தீவு. புயல். பதினொரு பேரை ஒரே படகில் ஏற்றிக் கரை சேர்க்கிறாள் மிராயா. துடுப்புப் போடுவது, பாறையில் மோதாமல் திருப்புவது எல்லாம் நம் வேலை. முதல் பாகத்தை முடித்த அன்று கண் கலங்கிவிட்டது. மனைவி கேட்டதற்கு வெங்காயம் என்றேன். ஹாலில் ஏது வெங்காயம் என்று அவள் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

அதோடு விட்டேனா? ஒன்றரை வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் மிராயாவைப் பற்றி உருகி உருகி எழுதினேன். ‘பெண் பிறந்தால் இவள் பெயரை வையுங்கள்’ என்று முடித்திருந்தேன். கடைசி வரியில் இப்படி எதையாவது தூவிவிட்டுப் போவது பத்தி எழுதுகிறவர்களின் பழக்கம். அதன்படி யாராவது நடப்பார்கள் என்று கனவா கண்டேன்?

போன மாதம் இரண்டாம் பாகம் வந்தது. ஆசையாகத் திறந்தால்... இந்த முறை நாம் மிராயா இல்லை. பெனா என்ற வேறொரு பெண். படகுத்துறையில் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ‘நானும் வருகிறேன்’ என்று கத்துகிறாள். எதிரே படகு. படகில் மிராயா. திரும்பிப் பார்க்கிறாள். நன்றாகவே பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே கயிற்றை வெட்டுகிறாள்!

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். துரோகி என்றார்கள். அவள் படம் போட்ட டீஷர்ட்டைக் கொளுத்தி வீடியோ போட்டார்கள். நான் சாது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அந்த நான்கு நாள் இதுதான்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. கணவரைத் தெரியும் — பாண்டி. கண்டரமாணிக்கம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கூட வந்தது அவர் மனைவி சங்கீதா. பாண்டியின் கையில் அழைப்பிதழ் புரூஃப். காதணி விழாவும் பெயர் சூட்டு விழாவும் சேர்த்து. நடுவில் கொட்டை எழுத்தில்... மிராயா.

நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.

“நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தான் சார் நாங்க போன்ல வெளாண்டதே. அப்ப இவ முழுகாம இருந்தா. பொண்ணுன்னா இந்தப் பேருன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம்” என்றார் பாண்டி. “இப்ப இப்படிப் பண்ணிப்புட்டாளே சார்! ஒரு மனுசி கத்துறா, பார்த்துக்கிட்டே வெட்டுறாளே! அந்தப் பேரச் சொல்லிப் புள்ளையக் கூப்பிட எனக்கு வாய் வருமா? பிரஸ்ல சாயந்தரத்துக்குள்ள சொல்லச் சொல்றாக. நீங்கதான வைக்கச் சொன்னீக? நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

குழந்தை என்னை உற்றுப் பார்த்தது. அதற்கும் பதில் வேண்டும் போல.

துண்டை எடுத்தேன். பிளக்கைச் சொருகினேன். போட்டது முதல் பாகத்தைத்தான். எனக்கு ஒரு சந்தேகம் — அன்றைக்கே பெனா அங்கே நின்றாளா, அல்லது இரண்டாம் பாகத்துக்காகப் பிறகு கட்டிய கதையா?

படகுத்துறை வந்தது. மழை. ‘கயிற்றை வெட்டு’ என்று திரையில் எழுத்து. அப்படியே நிறுத்தினேன்.

“இந்தா, இங்குட்டுப் பாருங்க சார்” என்றாள் சங்கீதா. திரையின் இடது ஓரத்தில், மிளகளவு ஒரு மஞ்சள் புள்ளி. லாந்தர்!

அன்றைக்கே இருந்திருக்கிறது. நான்தான் அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். இன்னொன்றும் உறைத்தது. கயிற்றை வெட்டும் பட்டனை அழுத்தியது யார்? ஐயா நான்தான். சீக்கிரம் வெட்டியதற்கு போனஸ் பாயின்ட் வேறு வாங்கியிருக்கிறேன். அப்படியானால் ரசிகர்களுக்கு அவள் மேல் ஏன் இத்தனை ஆத்திரம்? அவள் செய்த காரியத்துக்காகவா... அதை நம் விரலால் செய்ய வைத்ததற்காகவா?

“ஒரு தடவ வெட்டாம நின்னு பாருங்க சார்” என்றாள் சங்கீதா.

நின்றேன். பெரிய அலை வந்தது. படகு துறையில் மோதிச் சிதறியது. பதினொரு பேரும் போனார்கள். மறுபடி நின்றேன். மறுபடி போனார்கள்.

“நானும் வீட்டுல நாலஞ்சு தடவ நின்னு பார்த்துட்டேன். அவ வந்து ஏறுறதுக்குள்ள அலை வந்துருது. வந்தாலும் ஒரு ஆளுக்குக் கூட அதுல எடமில்ல” என்றாள் சங்கீதா.

பாண்டி விடவில்லை. “அதுக்காக மூஞ்சியப் பார்த்துக்கிட்டேவா வெட்டுறது?”

“ஏங்க, கோவிலூர் ஸ்டாப்புல காலையில எத்தனை பேரு ஓடியாராக? படியில தொங்கக்கூட எடமில்லைன்னா என்ன செய்யுறீக? அவுக மூஞ்சியப் பார்த்துக்கிட்டேதான விசில் ஊதுறீக? அதுக்காக உங்க பேர மாத்திட்டமா?”

“அது டூட்டிடீ...”

“அவ மட்டும் என்ன, ஊர் சுத்திப் பார்க்கவா படகு ஓட்டுனா?”

பாண்டி திரைக்குப் பக்கத்தில் போய் அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “அண்ணே, அதே பேருதான். அடிச்சுருங்க.”

இரண்டாம் பாகத்தையும் முடித்துவிட்டேன். மிராயா மேல் இருந்த பழைய பக்தி போய்விட்டது. ஆனால் அவள் ஏன் கடைசி வரை யாரிடமும் அந்த லாந்தரைப் பற்றிப் பேசவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பக்தியாக இருந்தபோது அவளைப் பற்றி இவ்வளவு யோசித்ததில்லை.

விழாவுக்குப் போனேன். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். மண்டபம் அதிர அழுகை. பெயர் கொடுத்தவன் என்ற மிதப்பில் தாய்மாமன் அருகே போய், “மிராயா ரொம்ப அழுதுட்டா போல?” என்றேன்.

“யாரு சார்?” என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “ஓ... நம்ம பவுனச் சொல்றீகளா! வீட்டுல எல்லாருக்கும் பவுனுதான். அந்தப் பேரு சும்மா ஆதார் கார்டுக்கு.”